பட்டுப்புடவையில் தவணை குறைக்கப் போனது

வங்கியில் போய், "தவணையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்" என்று கேட்பதற்கு நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். இப்போது இதைச் சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பணம் சம்பந்தமாக ஓர் இடத்துக்குப் போவதென்றால் அழுது வடிந்துகொண்டு போக மாட்டார்கள். ஆண்களுக்குச் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும். பெண்களுக்குக் கழுத்திலும் கையிலும் ஏதாவது மின்ன வேண்டும். பார்த்த மாத்திரத்தில் எதிராளிக்கு, இவர்கள் நொடித்துப்போகிற ஆட்கள் இல்லை என்ற நம்பிக்கை வர வேண்டும். இந்த வீட்டுக்குக் கடன் கேட்டுப் போனபோதும் இப்படித்தான் போனோம், கிடைத்தது. ஆகவே மறுபடியும் அதே மாம்பழ நிறப் பட்டு.

கணவருக்கு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஒரு டப்பா மைசூர்பாகு வேறு கிளறி எடுத்துக்கொண்டேன்.

பத்தாவது படிக்கும் எங்கள் மகள் பிறந்து வளர்ந்தது எல்லாம் புனேயில், இந்தச் சாங்வியில். தமிழ் அவளுக்கு வாசற்படிக்கு உள்ளே மட்டும், அதுவும் குறைப்பதற்குக் 'கம்', கல்யாணத்துக்கு 'ஷாதி' என்று இந்தி கலந்துதான். அவள் சோபாவில் படுத்தபடி எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, நீங்க லோன் கம் பண்ணப் போறீங்களா, ஷாதிக்குப் போறீங்களா?"

"வாய மூடிட்டுப் படி" என்றேன். கடைசியில் பார்த்தால் எங்கள் மூவரில் விவரம் தெரிந்தவள் அவள்தான்.

எதற்காகப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் தளேகாவில் இயந்திர உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். அவருடைய சம்பளத்தை நம்பித்தான் சாங்வியில் மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வைத்த இந்த வீட்டை வாங்கினோம். மாறும் வட்டி என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். மாறுவதென்றால் மேலே மட்டும்தான் மாறும் என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. வட்டி ஏற ஏற தவணையும் ஏறியது. அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தோம். பிறகு தொழிற்சாலை அவருடைய பிரிவை ஒரு ஒப்பந்த நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது. அதே மேசை, அதே வேலை, சம்பளம் மட்டும் இளைத்துவிட்டது. கம்பெனி பஸ்ஸும் நின்றது. தாபோடி ஸ்டேஷனுக்கு நடந்து போய் லோக்கல் ரயில் பிடிக்க ஆரம்பித்தார்.

நான் அவுந்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். என் சம்பளம் வீட்டுச் செலவுக்கும் மகளின் படிப்புக்குமே இழுத்துப் பிடித்தால்தான் வரும். தவணைக்கு விழுந்த துண்டை என் நகைகள்தான் அடைத்தன. முதலில் நெளி வளையல்கள், பிறகு ஆரம், பிறகு அட்டிகை. வங்கிக்குப் போன அன்று என் கழுத்தில் மின்னியது கவரிங். அசல் எல்லாம் அடகுக் கடையில் இருந்தது. அடகு வைக்க மிச்சம் இருந்தது ஒரே ஒரு சங்கிலி. அதுவும் போனால் வீட்டை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. கீழ் வீட்டுக்கு வந்துபோகும் வீட்டுத் தரகர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். படியில் பார்க்கும்போதெல்லாம், "பாபி, விற்கிற யோசனை ஏதாச்சும் இருக்கா?" என்று அண்ணி முறை வைத்து இந்தியில் பல்லைக் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வங்கி மேனேஜர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று கை கொடுத்தார். தேநீர் வரவழைத்தார். கணினியில் எங்கள் கணக்கைத் திறந்து பார்த்து முகம் மலர்ந்தார்.

"ஒரு இஎம்ஐகூட பவுன்ஸ் ஆகலை சார்! உங்களை மாதிரி கஸ்டமர் கிடைக்கணுமே!" இந்தியில்தான் பேசினார். பேச்சினூடே அவர் கண் என் கவரிங் ஆரத்துக்கு ஒரு நடை போய்வந்தது. "சொல்லுங்க, டாப்-அப் லோன் வேணுமா? வீட்டுக்கு இன்டீரியர் பண்ணலாம், கார் வாங்கலாம். உங்களுக்கு உடனே சாங்ஷன்."

கணவர் தொண்டையைச் செருமினார். அவருக்கு இந்தி வரும், தொழிற்சாலையில் மராத்தியே தண்ணீர் பட்டபாடு. ஆனால் வங்கி, அலுவலகம் என்றால் எங்கிருந்தோ ஒரு விறைப்பான ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். "சார், ஸ்மால் ரிக்வெஸ்ட்..." என்றார். அதற்குமேல் வரவில்லை. மேனேஜர் புன்னகையோடு காத்திருந்தார். "வீ வில் திங்க் அண்ட் டெல், சார்" என்று கணவர் எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன். மைசூர்பாகை மேசைமேல் வைத்துவிட்டு, கார் கடன் விளம்பரத்தாள் ஒன்றையும் சுவர்க் காலண்டர் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். குறைக்கப் போன இடத்தில் இன்னொரு கடனை எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

வங்கிக்கு எதிரே மணி கட்டிய கரும்புச்சாறு மெஷின் ஜல்ஜல் என்று ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"அந்தாளு எந்திரிச்சு நின்னு கை குடுக்கறாரு. அவருகிட்டப் போய் எப்புடி அம்மிணி என்னால முடியலைன்னு சொல்றது?"

"முடியலைன்னு சொல்லத்தானுங்க போனோம்!"

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "நீ கட்டிட்டு வந்த சேலையப் பாத்தா, நான் சொன்னாலும் எவன் நம்புவான்?"

எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் பாதி டம்ளர் சாறை ஒரே மூச்சில் குடித்தேன். பிறகு புடவையைக் குனிந்து பார்த்தேன். அந்த வெயிலில், அந்தப் பெஞ்சில், ஜரிகை தகதகத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த பிறகும் தவணை அப்படியேதான் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது என்னோடு வேலை செய்யும் மராத்திப் பெண் தன் தம்பி வீடு வாங்கிய கதையைச் சொன்னாள். அதே வங்கி. அவனுக்குப் போட்டிருக்கும் வட்டியைச் சொன்னதும் நான் வாயில் வைத்த சப்பாத்தியை மெல்ல மறந்துபோனேன். எங்கள் வட்டியைவிட நன்றாகவே குறைவு. இத்தனை வருடமாக நாள் தவறாமல் கட்டிக்கொண்டு வருகிற எங்களுக்கு அதிக வட்டி, நேற்று வாசலில் வந்து நின்றவனுக்குக் குறைந்த வட்டி. இது என்ன நியாயம்? பிற்பகல் முழுக்க ரத்தம் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். பாவம், சாப்பிட்ட பிறகு அன்றைக்கு இரண்டாவது ஊசி குத்திக்கொள்ள வந்தவர்கள் அவர்கள்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர், "கொறைக்கணும்னா அவுங்களே கொறைப்பாங்க" என்றார்.

"அவுங்களுக்கு என்னுங்க தலையெழுத்து? கேக்காதவனுக்கு எவனும் கொறைக்க மாட்டான். அடுத்த வாரம் மறுபடியும் போறோம். இந்தத் தடவ நான் பேசறன்."

இரண்டாம் முறை அலங்காரத்துக்கு நேரமே இல்லை. நான் வேலையிலிருந்து அரைநாள் அனுமதி வாங்கிக்கொண்டு, அங்கே போட்டிருக்கும் நீலக் கோட்டுடனேயே போனேன். அவர் காலை ஷிப்ட் முடிந்து, லோக்கலில் நெருக்கி அடித்துக்கொண்டு, சட்டையில் எண்ணெய் வாசனையோடு வந்து சேர்ந்தார். அன்று மேனேஜர் வெளியே போயிருந்தார். கடன் பிரிவில் ஒரு மராத்திப் பெண் அதிகாரி இருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது.

நான் இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். என் இந்திக்கு இலக்கணம் கிடையாது, வேகம் உண்டு. அதிகாரி திரையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"உங்க கணக்குல கஷ்டம்ங்கறதுக்கு அடையாளமே இல்லையே மேடம். எல்லாத் தவணையும் தேதிக்கு வந்திருக்கு. தவணையை மாத்தி அமைக்கணும்னா கஷ்டம்னு நான் காட்டணும். எதைக் காட்டுவேன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதம்கூடத் தவறவில்லை என்று நாங்கள் மார் தட்டிக்கொண்டிருந்தோமே, அதுவே எங்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"தேதிக்கு வந்தது உண்மைதான் மேடம்" என்றேன். "ஆனா அது சம்பளத்துலேருந்து வரலை. என் கையிலேருந்தும் கழுத்துலேருந்தும் வந்தது." கைப்பையைத் திறந்து அடகுச் சீட்டுகளை எடுத்து அவருடைய விசைப்பலகைமேல் வைத்தேன். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். போன் அடித்தது. எடுக்காமல் கவிழ்த்து வைத்தார்.

"இதை ஏன் முன்னாலேயே வந்து சொல்லலை?"

எங்கள் ஆட்களுக்குத் தவணை கட்ட முடியாமல் போவதுகூடப் பெரிய அவமானம் இல்லை. முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்வதுதான் அவமானம். நகையை விற்போம், நிலத்தை விற்போம், சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போய்ச் சிரித்துப் பேசிவிட்டு வருவோம். அதையெல்லாம் இந்தியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "வெட்கமா இருந்துச்சு மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டி விளக்கினார். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் வட்டிக்கே எங்களையும் மாற்றலாம், அதற்கு ஒரு கட்டணம் உண்டு. இன்னொன்று, கடன் காலத்தை நீட்டித் தவணையைச் சிறிதாக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் நீட்டுவதில் ஒரு சிக்கல். கணவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதைத் தாண்டி நீட்ட முடியாது.

"வயசு குறைஞ்ச, சம்பாதிக்கிற ஒருத்தர் கூட்டுக் கடனாளியா சேர்ந்தா நீட்டலாம்" என்று சொல்லிவிட்டு, என் நீலக் கோட்டைப் பார்த்தார். "மேடம், உங்க சம்பளம் பேங்க்லதானே வருது?"

நான் என் கணவரைவிட எட்டு வயது இளையவள். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர், "நோ நோ, நாட் ஹெர்" என்றார். அவ்வளவு பலமாக அவர் வங்கியில் பேசி நான் கேட்டதில்லை.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து நடந்தோம். சாங்விப் பாலத்தருகே வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன். "ஏனுங்க, நான் சேந்தா என்னுங்க குத்தம்?"

"கடன் வாங்கறப்பவே யோசிச்சுத்தான் உன்னைய வெளிய வெச்சேன் அம்மிணி. நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா உன்னைய வந்து ஒருத்தன் கேள்வி கேக்கக் கூடாது. அது ஒண்ணுதான் நான் உனக்குப் பண்ணது."

எனக்குக் கண் கலங்கியது. அதோடு கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் எப்போதும் ஜோடியாகத்தான் வரும்.

"வளையலக் கழட்டறதுக்கு என்ற கை வேணும், கையெழுத்துப் போடறதுக்கு வேண்டாங்களா? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அந்த வீட்ல இருக்கணுமா, ரோட்ல இருக்கணுமா? வீடு உங்களுது மட்டுமில்லீங்க, என்றதுந்தான். அப்பக் கடனும் என்றதுதான்."

ஆட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து எங்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார். கணவர் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். ஆனால் மறுநாள் காலை, ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "உன்ற பேன் கார்டு எங்க வெச்சிருக்கிற?"

இருவர் பேரிலும் கொடுத்த விண்ணப்பம் மேலே போய்ப் பதிலோடு திரும்பி வந்தது. ஒத்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் முழு மனதாக இல்லை. வட்டியை அரைகுறையாகக் குறைத்திருந்தார்கள். மாற்றும் கட்டணமோ அந்தக் கடைசிச் சங்கிலியையும் விழுங்கிவிடும்போல இருந்தது. நான் சும்மா விடுவதாக இல்லை. இன்னொரு வங்கியில் விசாரித்து, எங்கள் கடனை அங்கே மாற்றிக்கொண்டால் என்ன வட்டி என்று எழுதி வாங்கினேன். கத்தரிக்காய் வாங்கும்போது பக்கத்துக் கடையைக் காட்டிப் பேசுவதில்லையா, அதே வித்தைதான்.

இந்த முறை மேனேஜரே இருந்தார். அவருக்கு என்னைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பிறகு, "அரே, மிட்டாய் மேடம்!" என்றார். நான் மற்ற வங்கியின் தாளை அவர்முன் வைத்தேன். அவர் படித்துவிட்டு, மேலிடம், விதிமுறை, கணினி ஒப்புக்கொள்ளாது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் பதிலுக்குப் பதில் சொன்னேன். பேச்சு அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

அப்போது என் கணவர் வாயைத் திறந்தார். விறைப்பான ஆங்கிலத்தில் இல்லை. தொழிற்சாலையில் தன் ஆட்களோடு பேசுகிற மராத்தியில்.

"ஸாஹேப், ஆதா ஜமத் நாஹி."

இப்போது முடியவில்லை, ஐயா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக அவரே சொன்னார். வேலை ஒப்பந்தத்துக்கு மாறியது, சம்பளம் குறைந்தது, மனைவியின் நகை போனது, மகள் பத்தாவது படிப்பது. குரல் இறங்கவில்லை, கெஞ்சவும் இல்லை. வீட்டில் என்னிடம்கூட இதையெல்லாம் வரிசையாக இப்படி அவர் சொன்னதில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவ்வளவு பெருமைப்பட்ட நாள் வேறு இல்லை.

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவரும் மராத்திக்கு மாறினார். எந்தத் தொழிற்சாலை, எந்தப் பிரிவு என்று விசாரித்தார். தளேகாவில் அவருடைய மைத்துனருக்கும் இதே கதைதான் என்றார். பிறகு எங்களை உட்கார வைத்துவிட்டு மேலிடத்துக்குப் போன் போட்டார். புதியவர்களுக்குள்ள அதே வட்டி கிடைத்தது. கட்டணத்தில் பாதி தள்ளுபடியானது. மீதியையும் தவணையிலேயே சேர்த்துக்கொள்ளச் சொன்னார். "மிட்டாய்க்காக இல்லை மேடம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாத்தான் இருந்தது, ஆனா அதுக்காக இல்லை."

கையெழுத்துப் போடும் நாளில் அந்தப் பெண் அதிகாரி ஒவ்வொரு பக்கத்திலும் விரல் வைத்துக் காட்டினார். கணவர் போட்டுவிட்டுப் பேனாவை என் பக்கம் நீட்டினார். என் அறுபது வயது வரை கட்ட வேண்டிய கடன். பொதுவாக மனிதர்கள் கடனாளியானால் வருத்தப்படுவார்கள். எனக்கு அன்று சந்தோஷ அவசரத்தில் இரண்டாம் பக்கத்துக் கையெழுத்து கோணிக்கொண்டு போய்விட்டது.

புதிய தவணையின் முதல் மாதம். நான் வரவேற்பில் இருந்தபோது என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. கூட்டுக் கடனாளி ஆனபிறகு எனக்கும் செய்தி வர ஆரம்பித்திருந்தது. தவணை எடுக்கப்பட்டுவிட்டது, கணக்கில் இருப்பு இவ்வளவு. சம்பளம் வந்து, தவணை போய், அடகுக் கடைப் பக்கமே போகாமல், அதன் பிறகும் கணக்கில் பணம் இருந்தது. ரத்தம் கொடுக்கத் தன் முறைக்காக எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து நான் காரணமில்லாமல் சிரித்ததில் அவர் கொஞ்சம் பயந்துபோனார்.

உணவு இடைவேளையில் கணவர் தளேகாவிலிருந்து கூப்பிட்டார்.

"போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

"மிச்சம்?"

"மிச்சம் இருக்குதுங்க."

அந்தப் பக்கத்து மெஷின் சத்தத்துக்கு மேலே, "சாயங்காலம் வரப்ப என்ன வாங்கியாரட்டும்?" என்றார். இந்த ஒரு வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

எனக்கு வாயில் வந்தது பூவும் இல்லை, இனிப்பும் இல்லை. "சமையல் ரூம் குழாய் ஒழுகிட்டே கெடக்குதுங்க. அதுக்கு ஒரு குழாய் வாங்கியாங்க" என்றேன். பல மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. விற்கப்போகிற வீட்டுக்கு எதற்குச் செலவு என்று இருவருமே சொல்லாமல் விட்டுவைத்திருந்தோம். ஒரு துணியைக் கட்டி, கீழே ஒரு கிண்ணத்தை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"பிளாஸ்டிக்ல போதுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "வேண்டாம் அம்மிணி. பித்தளையிலயே வாங்கியாறேன். நாமதான இருக்கப்போறோம்" என்றார்.